அம்மா இறந்தபோது வராத அழுகை

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 53 வயது. ஒரே அலுவலகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவர். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகப் பதினான்கு மாதங்களுக்கு முன் விருப்ப ஓய்வு வாங்கினார். ஐந்தே மாதத்தில் அம்மா இறந்துவிட்டார். அடுத்து, மகள் மேற்படிப்புக்காக வெளிநாடு போனாள். மகன் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விடலாம் என்று இவரே சொல்லி, பல வருடம் வாழ்ந்த சொந்த வீட்டை விற்று, மூன்று மாதங்களுக்கு முன் கணவரோடு புது ஊருக்குக் குடிவந்திருக்கிறார்.

"அம்மா இறந்த அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதைவிடக் கொடுமை, முதலில் மனதில் வந்தது 'அப்பாடா' என்ற நிம்மதிதான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வீட்டை வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்தபோது தெருவிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். பெற்ற தாயைவிடச் செங்கல்லும் சிமெண்டும் எனக்குப் பெரிதாகிவிட்டதா?" என்று கேட்கிறார்.

அதிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். தோழிகள் அழைத்தால் போனை எடுக்கப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொள்கிறார். "நீ எடுத்த முடிவுதானே எல்லாம்" என்கிறார் கணவர். "ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று, இன்னுமா?" என்கிறார் உறவினர் ஒருவர். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, தான் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று குழம்புகிறார். பழைய அலுவலகம் ஆறு மாத ஒப்பந்த வேலைக்குக் கூப்பிடுகிறது. அங்கே ஒரு வாடகை வீடு பார்த்துத் தனியாகத் திரும்பிப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறார். மனநல மருத்துவரைப் பார்த்தால் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி: "சில நாள், காலையில் எழுந்திருக்காமலே போனால் தேவலை என்று தோன்றுகிறது."

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை வெறும் அலுப்பு என்று ஒதுக்கிவிட்டு மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேராகவே கேட்கிறேன். உயிரை முடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டபின் பாரம் இறங்கியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே கணவரிடமோ மகனிடமோ சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள், இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லை, வெறும் களைப்புதான் என்றாலும் அந்த வரியை அப்படியே ஒரு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

அந்த மாத்திரைகளை இன்றே கணவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவை உங்கள் அம்மாவின் வயதையும் நோயையும் பார்த்து எழுதப்பட்டவை. சில வகைத் தூக்க மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். பகலில் ஞாபகத்தை மந்தமாக்கும்; இரவில் எழுந்து நடந்தால் தடுமாறி விழ வைக்கும். சில வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். ஒன்று மட்டும் கவனம்: பல வாரங்களாகத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. எவ்வளவு, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்கும் வழியை அவர் சொல்வார்.

சரி, இப்போது உங்கள் மனதை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நிம்மதி

ஐந்து மாதம் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், மருந்து நேரம் தவறக் கூடாது. இரவில் ஒரு முனகல் கேட்டால் எழுந்து உட்கார வேண்டும். நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வந்தாலும், எந்த நாளிலும் காது மட்டும் அந்த அறையிலேயே இருக்கும். அத்தனை மாதம் விறைத்து நின்ற உடம்பு, இனிமேல் காவல் இருக்க வேண்டாம் என்று தெரிந்த நொடியில் தளரும். அதுதான் அந்த 'அப்பாடா'. அம்மாவின் வலி முடிந்ததில் வந்த நிம்மதியும் அதில் இருந்திருக்கும். உங்கள் களைப்பு முடிந்ததில் வந்த நிம்மதியும் இருந்திருக்கும். இரண்டாவது இருந்ததால் முதலாவது பொய்யாகிவிடாது.

அம்மா போக வேண்டும் என்று நீங்கள் விரும்பியதாக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு எந்த ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவுக்காக 27 வருட வேலையை விட்டவர் நீங்கள். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் என்னிடம் தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொல்லும் விஷயங்களில் முதலில் நிற்பது இந்த நிம்மதிதான். எல்லோரும் மறைப்பதால், தனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றியது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று ஏன் அழவில்லை? மரண வீட்டில் வேலைகள் வரிசை கட்டி நிற்கும். வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும், காகிதங்களில் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பு எடுத்துப் பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் உணர்வு பின்னுக்குப் போய்விடும், கைகள் மட்டும் ஓடும். அழாததை வைத்து அன்பை அளக்க முடியாது. துக்கம் வந்த விதம் ஆளுக்கு ஆள் வேறு, வரும் நாளும் வேறு.

சாவியைக் கொடுத்த நாளில் நீங்கள் செங்கல்லுக்காக அழவில்லை, சகோதரி. அம்மாவின் கட்டில் கிடந்தது அந்த வீட்டில்தான். மகள் வளர்ந்ததும், நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போய்த் திரும்பியதும் அந்த வாசலில்தான். அந்தச் சாவி கை மாறியபோது அத்தனையும் ஒரே நேரத்தில் முடிந்தது. அம்மாவுக்கான அழுகையும் அதற்குள் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மா இறந்ததற்கு வந்து துக்கம் கேட்டிருப்பார்கள். வேலையை விட்டதற்கு யாராவது துக்கம் கேட்டார்களா? வாழ்த்தித்தான் அனுப்பியிருப்பார்கள். மகள் வெளிநாடு போனதற்கும், மகன் இருக்கும் ஊருக்கு வந்ததற்கும் "கொடுத்து வைத்தவள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சுற்றியிருப்பவர்கள் இழப்பு என்றே ஒப்புக்கொள்ளாத இந்த வகைத் துக்கத்தைப் பற்றி 1989-ல் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். அனுதாபம் கிடைக்காததோடு, வருத்தப்படுவதற்கே நமக்கு உரிமை இல்லையோ என்ற வெட்கமும் சேர்ந்துகொள்வதுதான் இதன் சிக்கல். "இவ்வளவு நல்லது நடந்தும் அழுகிறேனே, நன்றி கெட்டவளா நான்?" என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த வெட்கம்தான்.

1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 43 வாழ்க்கை மாற்றங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். நெருங்கிய குடும்பத்தினர் மரணம் 63, பணி ஓய்வு 45, பிள்ளை வீட்டை விட்டுப் போவது 29, வீடு மாறுவது 20. கல்யாணம்கூட 50 மதிப்பெண்ணோடு அதில் இருக்கிறது. நல்ல மாற்றமும் சுமைதான் என்பதை அந்தப் பட்டியல் அன்றே ஒப்புக்கொண்டது. உங்களுடையதைக் கூட்டினால் 157 வருகிறது. 150-ஐத் தாண்டினால் உடல்நலம் கெடும் வாய்ப்பு கூடும் என்பது அவர்களுடைய கணிப்பு. இது சராசரிக் கணக்கு. உங்கள் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓராண்டு சொச்சத்தில் உங்கள் மேல் ஏறிய பாரம் சின்னதல்ல என்று காட்டுவதற்காகத்தான் சொல்கிறேன்.

ஐந்து கட்டம், ஆறு மாதம்

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து கட்டங்களைப் பற்றி எழுதினார். மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் கண்டறிந்தவை அவை. பிறகுதான் அது எல்லா இழப்புக்குமான பாதை போலப் பரவிவிட்டது. துக்கப்படும் எல்லோரும் அந்த வரிசையில் ஒவ்வொரு படியாக ஏறுவதில்லை. ஆகவே நீங்கள் எந்தப் படியிலும் மாட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு அதிகம் பொருத்தமாகத் தெரிவது, மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்ற இருவர் 1999-ல் முன்வைத்த விளக்கம். துக்கத்தில் இருப்பவர் சில நேரம் இழப்பின் பக்கம் திரும்புவார்: அழுவார், நினைத்துக்கொள்வார், பழைய படத்தை எடுத்துப் பார்ப்பார். சில நேரம் வாழ்க்கையின் பக்கம் திரும்புவார்: வங்கிக்குப் போவார், புதுத் தெருவின் பெயரைக் கற்றுக்கொள்வார், சிரிக்கவும் செய்வார். இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்பது அவர்கள் சொன்னது. காலையில் அழுதுவிட்டு மாலையில் மகனோடு சிரித்தால் அது நடிப்பும் அல்ல, துரோகமும் அல்ல. ஒரே பக்கத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

உறவினர் சொன்ன ஆறு மாதக் கணக்கு முழுக்கக் கற்பனை என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 'நீடித்த துக்கம்' என்ற நிலையைக் கண்டறிய ஆறு மாதத்தை ஓர் அளவாக வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-ல் சேர்த்த வரையறையில் பெரியவர்களுக்கு அது 12 மாதம். ஆனால் இவை, அதற்குமுன் அப்படியொரு நோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்காக மருத்துவர்களுக்கு வைத்த எல்லை. அதற்குள் துக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று உங்களுக்கு வைத்த கெடு அல்ல. ஏக்கம் தினமும் குறையாமல் ஆட்டிப்படைக்கிறதா, அன்றாட வாழ்க்கை நடக்கவே முடியாமல் போகிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்ப்பார்.

எனக்குக் கவலை தருவது மாதக் கணக்கு இல்லை. அதிகாலை விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, தோழிகளைத் தவிர்ப்பது, அந்தக் கடைசி வரி, இந்த நான்கும் சேர்ந்து வந்திருப்பதுதான். இப்படிப்பட்ட அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். துக்கமும் மனச்சோர்வு நோயும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கலாம். துக்கத்துக்குப் பெரும்பாலும் துணை போதும், நோய்க்குச் சிகிச்சை வேண்டும்.

எடுத்த முடிவுகளும் எடுக்கப்போகும் முடிவும்

அழுகை வருவதால் முடிவு தவறு என்று ஆகிவிடாது. நன்றாக யோசித்து எடுத்த முடிவிலும் கைவிட்டுப் போனவை இருக்கும், அவற்றுக்காக மனம் வருந்தும். அம்மாவுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் என்று தெரிந்திருந்தால் நீண்ட விடுப்போடு சமாளித்திருப்பேனே என்கிறீர்கள். தெரிந்திருந்தால்தானே? அன்று உங்கள் கையில் இருந்த விவரங்களோடு எடுத்த முடிவை இன்றைய விவரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை.

அதே காரணத்தால்தான், இப்போது அவசரமாக இன்னொரு முடிவு எடுக்க வேண்டாம் என்கிறேன். ஒப்பந்த வேலையில் நல்லது இருக்கிறது. காலையில் கிளம்ப ஒரு காரணம் கிடைக்கும், தெரிந்த முகங்கள் இருக்கும், கை பழகிய வேலை. ஆனால் நீங்கள் விட்டு வந்த நாற்காலியில் இன்று வேறொருவர் இருப்பார். உங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. அந்த ஊருக்குப் போனாலும் அம்மாவும் மகளும் இருந்த நாட்களுக்குப் போக முடியாது. தூக்கம் இல்லாமல், தனியாக, ஒரு வாடகை வீட்டில் அதை எதிர்கொள்வது இப்போதைய நிலையில் ஆபத்து என்றே நினைக்கிறேன். ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். கொடுத்தால், சம்பளம், பொறுப்பு, இடையில் விலக நேர்ந்தால் என்ன விதி, ஏற்கெனவே வாங்கிய ஓய்வுக்காலப் பலன்கள் பாதிக்கப்படுமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவகாசம் தர மறுத்தால், இந்த முறை வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது. அந்த ஊர் ஏக்கம் தாங்கவில்லை என்றால், தூக்கம் ஓரளவு சரியானபின் ஒரு தோழி வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வாருங்கள். திரும்பப் பெற முடியாத எதையும், குறிப்பாக வீடு வாங்குவது விற்பது போன்றவற்றை, இந்த வருடம் தொடாதீர்கள்.

கணவர் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது. குத்தத்தான் செய்யும். அவர் தரப்பை நான் கேட்கவில்லை, அதனால் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மனைவி அழுவதைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாத ஆண்கள் பலர், காரணத்தைக் கண்டுபிடித்துக் கேள்வியை முடித்துவிடப் பார்ப்பார்கள். அவரும் ஒரு வீட்டை விட்டு வந்தவர்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க எதையும் சரி பண்ண வேண்டாம். முடிவு சரியா தப்பான்னும் பேச வேண்டாம். பத்து நிமிஷம் நான் சொல்றதை மட்டும் கேளுங்க." என்ன வேண்டும் என்று தெரிந்தால் அதைச் செய்யக்கூடியவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர். அந்த 'அப்பாடா'வை முதலில் அவரிடம் சொல்வதா, ஆலோசகரிடம் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அப்புறம், மகளிடம் எல்லாம் நன்றாக இருப்பதாக நடிக்க வேண்டாம். "மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போறேன், நீ கிளம்பி வர வேண்டாம்" என்று சொன்னால் போதும். பிள்ளைகள் குரலை வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தெரியாமல் தவிப்பதைவிடத் தெரிந்து கவலைப்படுவது அவளுக்கும் மேல்.

மருத்துவரைப் பார்ப்பது

முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைவது, ரத்தசோகை, மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியவையும் சோர்வையும் தூக்கக் கேட்டையும் கொண்டுவரும். உங்கள் வயதில் இவற்றைச் சோதிக்காமல் எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதோடு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் மகனிடமோ உறவினரிடமோ சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. மருந்து எழுதினால் எதற்காக, எவ்வளவு காலம், எப்படி நிறுத்துவது என்றும் கேளுங்கள். பேச்சு வழிச் சிகிச்சை உண்டா என்றும் கேளுங்கள். முதலில் பார்த்தவர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். சிகிச்சையே வேண்டாம் என்று திரும்பிவிடாதீர்கள்.

சந்திப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் செய்யக்கூடியவை கொஞ்சம் இருக்கின்றன. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். மூன்று மணிக்கு விழித்து, கொஞ்ச நேரத்தில் தூக்கம் திரும்ப வரவில்லை என்றால் படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது மறுபடி படுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருந்தால் சோர்வு காலத்தில் எதுவும் நடக்காது. செய்தபின்தான் மனம் கொஞ்சமாவது பின்னால் வரும். அதனால் தினமும் ஒரு சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்யுங்கள்: வீட்டைச் சுற்றி ஒரு நடை, ஒரு தோழிக்கு ஒரே ஒரு போன்.

எனக்கு இவ்வளவு மனம் திறந்து எழுத முடிந்தவர் நீங்கள். அதைத் தொடரலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளில், மனதை அழுத்தும் விஷயத்தைத் தொடர்ந்து மூன்று நான்கு நாட்கள், தினமும் 15 நிமிடம்போல எழுதியது பலருக்கு உதவியாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு பலன் இல்லை, எழுதிய உடனே மனம் கனப்பதும் உண்டு. இரவில் வேண்டாம், பகலில் எழுதுங்கள். கனம் மறுநாளும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அதை ஆலோசகரோடு பேசும் விஷயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எனக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். எதிரே உட்கார்ந்ததும் பேச்சு வராமல் போனால் அதை அப்படியே நீட்டிவிடலாம். "சில நாள், காலையில்..." என்று தொடங்கும் வரியை மட்டும் அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.